18446744073709551615: ஒரு பெரிய எண்ணின் உட்புறம்

18446744073709551615.

இருபது இலக்கங்கள். நம் வழக்கப்படி வாசித்தால் 1,84,467 கோடி கோடி, அதோடு 44,07,370 கோடி, அதோடு 95,51,615. சதுரங்கப் பலகையின் முதல் கட்டத்தில் ஒரு அரிசி, அடுத்ததில் இரண்டு, அதற்கும் அடுத்ததில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போனால், 64 கட்டங்களிலும் சேர்த்து இத்தனை அரிசி வரும். இரண்டை 64 முறை பெருக்கி ஒன்றைக் கழித்தது, அதாவது 2⁶⁴ − 1.

இந்தக் கதையைக் கேட்காமல் பள்ளிக்கூடம் முடித்தவர்கள் குறைவு. எனக்கு ஒன்பதாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் சொன்னார். ராஜா சிரிக்கிறார், கணக்குப்பிள்ளை வியர்த்துப்போய் வருகிறான், களஞ்சியம் காலியாகிறது. யார் சொன்னாலும் கதை ஒரே இடத்தில்தான் முடியும்: "அம்மாடி, எவ்வளவு பெரிசு!" அதோடு எண்ணை மறந்துவிடுவோம். எனக்கு இது பெரிய குறை. அளவு என்று பார்த்தால் இதன் ஓரத்தில் ஒரு பூஜ்யத்தைப் போட்டாலே இதைவிடப் பத்து மடங்கு பெரிய எண் வந்துவிடும். இந்த எண்ணை நான் விரும்புவது அது கட்டப்பட்டிருக்கும் விதத்துக்காக. அதைப் பிரித்துப் பார்க்கப் பத்தாம் வகுப்புக் கணக்கும் ஒரு பென்சிலும் போதும்.

எனக்கு இந்த எண்ணோடு தொழில்முறைப் பழக்கமும் உண்டு. மென்பொருள் வேலையில் இருப்பவர்கள், நிரல் தன் வேலையைக் குறித்துவைக்கும் லாக் கோப்புகளில் இதைப் பார்த்திருப்பார்கள். மீதி இருப்பு என்ற இடத்தில் பத்தோ இருபதோ இருக்கவேண்டியதற்குப் பதிலாக 18446744073709551615 என்று வந்து நிற்கும். வேலைக்குப் புதிதாய்ச் சேர்ந்த பிள்ளைகள் பதறுவார்கள். பழகியவர்கள் எட்டிப்பார்த்து "மைனஸ் ஒன்னு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். கணினி இந்த எண்ணை 64 பிட்டுகளில், அதாவது 0 அல்லது 1 மட்டும் நிற்கக்கூடிய 64 இடங்களில், எழுதும்போது 64 இடங்களிலும் 1 நிற்கும். அதோடு ஒன்றைக் கூட்டினால் எல்லாம் பூஜ்யமாகி, மேலே போகவேண்டிய 1 நிற்க இடமில்லாமல் விழுந்துவிடும். ஒன்றைக் கூட்டினால் பூஜ்யம் வருகிறது என்றால் கணினிக்கு அது −1 தானே? அதனால் அதே 64 ஒன்றுகளைக் குறியுள்ள எண்ணாக வாசித்தால் −1, குறியில்லாத எண்ணாக வாசித்தால் சதுரங்கக் கதையின் மொத்தம். இருப்பு பூஜ்யமாக இருக்கும்போது யாரோ ஒன்றைக் கழித்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

கதையின் வயதையும் சொல்லிவிடுகிறேன். வரலாற்றாசிரியர் இப்னு கல்லிக்கான் 13ஆம் நூற்றாண்டில் இதை எழுதிவைத்தார். அதற்கும் முன்னால், பொது ஆண்டு 1000 வாக்கில், அறிஞர் அல்-பிரூனி தன் காலக்கணக்கு நூலில் இந்த மொத்தத்தைக் கடைசி இலக்கம்வரை சரியாகக் கணக்கிட்டிருக்கிறார். கேரளத்தில் அம்பலப்புழைக் கோயிலின் பால்பாயசத்துக்கும் இதே கதைதான். அங்கே ஆட வந்தவர் கண்ணன், பணயம் அரிசி.

அல்-பிரூனிக்கு 64 முறை இரட்டிக்கும் வேலை இருக்கவில்லை. இரட்டிப்பதற்குப் பதில் வர்க்கம் எடுத்தால் ஆறே தாவல்: 2, 4, 16, 256, 65536, 4294967296, அடுத்தது 18446744073709551616. அதில் ஒன்று குறைத்தால் நம் எண். இந்த ஆறு தாவல்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே வரப்போகும் எல்லாமே இவற்றிலிருந்துதான் வருகிறது.

எடையையும் ஒருமுறை பார்த்துவிடுவோம். ஆயிரம் அரிசி 20 கிராம் என்று வைத்துக்கொண்டால், பலகையின் முதல் வரிசை எட்டுக் கட்டங்களில் 255 அரிசி, ஐந்து கிராம். இரண்டு வரிசை முடியும்போது 65,535 அரிசி. ஒன்றே கால் கிலோவுக்குச் சற்று மேல், ஒரு வீட்டுக்கு ஒரு நாள் சமையல். நான்கு வரிசை, அதாவது பாதிப் பலகை முடியும்போது 86 டன். சில லாரிகளில் ஏற்றிவிடலாம். முழுப் பலகைக்கு சுமார் 36,900 கோடி டன். உலகம் முழுவதும் ஓராண்டில் விளையும் அரிசி 50 கோடி டன்னைச் சற்றுத் தாண்டும். ஆக, ஏறத்தாழ 700 ஆண்டு விளைச்சல்.

இனி உள்ளே போகலாம்.

பள்ளியில் படித்த சூத்திரம் ஒன்று போதும்: அ² − 1 = (அ − 1)(அ + 1). நம் எண் ஒரு வர்க்கத்திலிருந்து ஒன்று குறைந்தது. ஆகவே 4294967295 × 4294967297. இதில் முதலாவதும் ஒரு வர்க்கத்திலிருந்து ஒன்று குறைந்ததுதான். அது 65535 × 65537. அந்த 65535 மறுபடி 255 × 257. 255 என்பது 15 × 17. 15 என்பது 3 × 5. மொத்தத்தில்,

18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297.

இருபது இலக்க எண்ணைக் கால்குலேட்டர் தொடாமல் ஆறு துண்டாக்கியாயிற்று. இந்த ஆறும் மேலே பார்த்த ஆறு தாவல்கள் புறப்படும் எண்களோடு தலைக்கு ஒன்று கூட்டியவை: 2+1, 4+1, 16+1 என்று. பலகையிலேயே இதைக் காணலாம். முதல் வரிசையின் மொத்தம் 3 × 5 × 17. இரண்டு வரிசை சேர்ந்தால் அதோடு 257 பெருகும். பாதிப் பலகைக்கு 65,537-உம், முழுப் பலகைக்கு 429,49,67,297-உம் பெருகும்.

இந்த வரிசை எண்களுக்கு ஃபெர்மா எண்கள் என்று பெயர். பிரெஞ்சு நாட்டு வழக்கறிஞரான பியர் டி ஃபெர்மா 1640இல் எழுதிய கடிதங்களில், இவை எல்லாமே பகா எண்கள் என்று தான் நம்புவதாகச் சொன்னார். 3, 5, 17, 257, 65537 ஐந்தும் பகா எண்கள்தான். ஆறாவது அவரால் சரிபார்க்க முடியாத அளவுக்குப் பெரிதாக இருந்தது. ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் அது அப்படியே கிடந்தது. 1729 டிசம்பரில் கணித அறிஞர் கோல்ட்பாக் ஒரு கடிதத்தின் அடியில், ஃபெர்மா சொன்ன இந்த விஷயம் தெரியுமா என்று இளம் கணித அறிஞரான ஆய்லரிடம் கேட்டார். 1732இல் ஆய்லரிடமிருந்து விடை வந்தது: 4294967297 = 641 × 6700417. ஃபெர்மாவின் நம்பிக்கை பொய்த்தது.

641. மூன்றே இலக்கம். தொண்ணூறு ஆண்டு யார் கண்ணிலும் படாதது இவ்வளவு சிறிய எண்.

அரையாண்டு விடுமுறையில் அக்கா மகள் வீட்டுக்கு வந்திருந்தாள். பத்தாம் வகுப்பு. பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் இந்த இரண்டு எண்களையும் எழுதிக் காட்டினேன்.

"பெருக்கிப் பார்த்தா சரியா வருதான்னு பாக்கலாம், மாமா. ஆனா 641னு அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அதுதான் கேட்க வேண்டிய கேள்வி. பலகைக்கே திரும்பினோம். ஒவ்வொரு கட்டத்து அரிசியையும் 641, 641 ஆகப் பொட்டலம் கட்டுவோம். கட்டியது போக மிச்சத்தை மட்டும் எழுதுவோம் என்றேன். முதல் பத்துக் கட்டங்களில் பொட்டலமே கட்ட முடியாது: 1, 2, 4 என்று 512 வரை. பதினோராவது கட்டத்தில் 1024; ஒரு பொட்டலம் போக 383. அடுத்ததற்கு அரிசியை எண்ணத் தேவையில்லை, மிச்சத்தை இரட்டித்தால் போதும்: 766, அதில் 641 போக 125. பிறகு 250, 500, 359, 77. பதினேழாவது கட்டத்தில் 154.

இங்கே அவளை நிறுத்தினேன். 17ஆம் கட்டத்தில் இருப்பது 2¹⁶. அதை வர்க்கம் எடுத்தால் 2³², அது 33ஆம் கட்டம். ஆகவே இடையில் உள்ள பதினைந்து கட்டங்களைத் தாண்டி, மிச்சமான 154-ஐ வர்க்கம் எடுத்தால் போதும். 154 × 154 = 23,716. அவளே 641-ஐ 37-ஆல் பெருக்கினாள்: 23,717. ஒன்றுதான் குறைகிறது. 33ஆம் கட்டத்தில் எல்லாப் பொட்டலமும் நிறைந்து, கடைசிப் பொட்டலத்துக்கு ஒரே ஒரு அரிசி போதவில்லை. அந்த ஒன்றை முதல் கட்டத்திலிருந்து எடுத்துப் போட்டால் இரண்டு கட்டமும் மிச்சமில்லாமல் தீர்ந்துவிடும். 2³² + 1, 641-ஆல் மீதியின்றி வகுபடுகிறது என்பது இதுதான். இரண்டாம் கட்டமும் 34ஆம் கட்டமும், மூன்றாவதும் 35ஆவதும் இப்படியே ஜோடி சேரும். முப்பத்திரண்டு ஜோடியும் தீர்ந்துபோகும். முழுப் பலகையிலும் ஒரு அரிசி மிஞ்சாது.

சரி, 641 என்று எப்படித் தெரிந்தது? 33ஆம் கட்டத்தில் ஒன்று குறைகிறது என்றால், அதன் வர்க்கமான 65ஆம் கட்டத்தில் (அப்படி ஒன்று இருந்தால்) மிச்சம் 1. முதல் கட்டத்து மிச்சமும் 1 தான். ஆக மிச்சங்கள் 64 கட்டத்துக்கு ஒருமுறை சுற்றி வருகின்றன. அதைவிடச் சின்னச் சுற்றாக இருக்க முடியாது. இருந்தால் 33ஆம் கட்டத்திலேயே 1 வந்திருக்கும். இன்னொரு பக்கம் ஒரு பழைய தேற்றம் சொல்கிறது: 2-ஐத் தவிர எந்தப் பகா எண்ணை எடுத்துக்கொண்டாலும், அதைவிட ஒன்று குறைவான அடுக்குக்கு 2-ஐ உயர்த்தினால் மிச்சம் 1 வந்தே தீரும். அப்படியானால் அந்தப் பகா எண்ணில் ஒன்றைக் கழித்தது 64-இன் மடங்காக இருக்கவேண்டும். சந்தேகப்பட வேண்டியவர்கள் பட்டியல் சுருங்கிவிட்டது: 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. இதிலும் பகா எண்கள் ஐந்துதான்: 193, 257, 449, 577, 641. ஐந்தாவது வகுத்தலில் ஆள் அகப்பட்டுவிடுகிறது.

பலகையில் 64 கட்டம், சுற்றும் 64, காரணியோ 64-இன் மடங்கோடு ஒன்று. இது தற்செயல் இல்லை என்று புரிந்த நிமிடத்தில் அவள் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும்.

எனக்கு மனம் தாங்காத விஷயம் ஒன்று இதில் உண்டு. மேலே சொன்ன பழைய தேற்றத்தைக் கண்டுபிடித்தவரே ஃபெர்மாதான், அதுவும் அதே 1640இல். ஆய்லர் ஐந்து முறை வகுத்துக் கண்டதை அவரும் ஒரு மாலை நேரத்தில் கண்டிருக்கலாம். கருவியை அவரே செய்து கையில் வைத்திருந்தார்.

641 காரணி என்பதை இன்னொரு வழியிலும் காட்டலாம். இது என் மனசுக்கு இன்னும் நெருக்கமானது. 641-ஐ இரண்டு விதமாக எழுதுங்கள்:

641 = 640 + 1 = 5 × 2⁷ + 1
641 = 625 + 16 = 5⁴ + 2⁴

இரண்டாவதை 2²⁸-ஆல் பெருக்கினால் 5⁴ × 2²⁸ + 2³². இது 641-இன் மடங்கு. முதலாவதைப் பார்த்தால், (5 × 2⁷)⁴ − 1 என்பதற்குள் 5 × 2⁷ + 1 ஒரு காரணியாக ஒளிந்திருக்கிறது. ஆகவே 5⁴ × 2²⁸ − 1 என்பதும் 641-இன் மடங்கு. ஒன்றிலிருந்து மற்றதைக் கழியுங்கள். 2³² + 1 மட்டும் நிற்கும். 429 கோடியைத் தாண்டும் எண்ணை ஒருமுறைகூட எழுதாமல் வேலை முடிந்துவிட்டது. நான் இதை எத்தனை பேருக்குக் காட்டியிருந்தாலும், கழித்தல் முடியும் இடத்தில் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது.

அடுத்த துண்டு 67,00,417. இதை மேலும் உடைக்க முடியுமா? சாதாரணமாகப் பார்த்தால் 2,588 வரைக்கும் உள்ள எல்லாப் பகா எண்களாலும் வகுத்துப் பார்க்கவேண்டும். முந்நூற்றுக்கும் மேல் வகுத்தல்கள். ஆனால் 1878இல் பிரான்சின் எதுவார் லூக்கா இந்த வலையை இன்னும் சிறிதாக்கினார்: காரணிகள் 64-இன் மடங்கோடு மட்டுமல்ல, 128-இன் மடங்கோடு ஒன்று கூட்டியவையாகத்தான் இருக்கமுடியும். 2,588-க்குள் அப்படிப்பட்ட பகா எண்கள் 257, 641, 769, 1153, 1409 ஆகிய ஐந்துதான். இதில் 257 ஏற்கெனவே ஒரு ஃபெர்மா எண். இரண்டு ஃபெர்மா எண்களுக்குப் பொதுக்காரணி இருக்க முடியாது, அதனால் அதை விட்டுவிடலாம். மீதம் நான்கு வகுத்தல். 641-ஆல் வகுத்தால் மீதி 44. 769-ஆல் 120. 1153-ஆல் 334. 1409-ஆல் 622. முடிந்தது, 67,00,417 பகா எண். நான்கு வகுத்தல்களில் ஒரு ஏழிலக்க எண் பகா எண் என்று நிறுவுவது அரிதான வசதி. 65,537-க்கு இன்னும் சுலபம். இதே முறையில் (இந்த எண்ணுக்கு விதி 64-இன் மடங்கோடு ஒன்று) 193-ஆல் மட்டும் வகுத்துப் பார்த்தால் போதும், மீதி 110.

ஆக முழு உடைப்பு: 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417. ஏழு பகா எண்கள், எல்லாம் ஒவ்வொரு முறை. எதுவும் இரண்டாம் முறை வருவதில்லை.

இந்த எண்கள் கணக்கின் வேறொரு மூலையில் போய்த் தலைகாட்டியது 1796 மார்ச் 30இல். ஜெர்மன் கணித மேதை காஸுக்கு அப்போது 19 வயது நிறையவில்லை. அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு 17 பக்கமுள்ள ஒழுங்கு பலகோணத்தை வரையலாம் என்று கண்டார். கிரேக்கர் காலத்துக்குப் பிறகு இந்த வகையில் புதிதாக ஒன்றும் யாரும் சேர்த்திருக்கவில்லை. எந்தெந்தப் பக்க எண்ணிக்கைக்கு இது முடியும் என்பதையும் அவர் சொன்னார். மற்றவற்றுக்கு முடியாது என்பதை 1837இல் வான்செல் நிறுவினார். பக்க எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால், அது வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களின் பெருக்கற்பலனாக இருக்கவேண்டும். நமக்குத் தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் இன்றுவரை அந்த ஐந்துதான். அவற்றை எல்லா விதமாகவும் பெருக்கினால் 31 எண்கள் வரும். அந்த 31-இல் ஆகப் பெரியது 4294967295. அதாவது பாதிப் பலகையின் அரிசி.

முதல் நான்கு வரிசை காஸுக்கு, மீதி நான்கு வரிசை ஆய்லருக்கு என்று பலகையைப் பாகம் பிரித்துக் கொடுத்துவிடலாம் போலிருக்கிறது.

இதை நிஜமாகவே வரையப் புறப்பட்டவர்களும் உண்டு. 257 பக்கத்துக்கான வழியை 1832இல் ரிச்சலோ வெளியிட்டார். 65,537 பக்கத்துக்கு யோஹான் குஸ்தாவ் ஹெர்மெஸ் பத்து ஆண்டுகள் உழைத்து 1894இல் முடித்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பத்திரமாக இருக்கிறது. அத்தனை பக்கம் கொண்ட உருவத்தைத் தாளில் வரைந்தால் வட்டத்துக்கும் அதற்கும் கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. வரைய முடியும் என்பதற்கான வழியை எழுதிவைக்கத்தான் அந்தப் பத்து ஆண்டுகள். அதை வீண் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

அதே 65,537 இன்று வேறொரு வேலை பார்க்கிறது. இணையத்தில் ஆர்எஸ்ஏ என்ற மறையாக்க முறையில் உருவாகும் பொதுச் சாவிகளில் அடுக்காக வைக்கப்படுவது பெரும்பாலும் இந்த எண்தான். இரும முறையில் எழுதினால் இதன் இரு முனைகளிலும் மட்டும் 1. நடுவில் எல்லாம் பூஜ்யம். ஆகவே அந்த அடுக்குக்கு ஓர் எண்ணை உயர்த்தப் பதினாறு முறை வர்க்கம், ஒருமுறை பெருக்கல். அல்-பிரூனி தாவிய அதே தாவல்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது இனி வருவது. பாஸ்கல் முக்கோணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிங்கலரின் யாப்பு நூலான சந்த சூத்திரத்துக்கு 10ஆம் நூற்றாண்டில் உரை எழுதிய ஹலாயுதர் இதை மேரு பிரஸ்தாரம் என்று விளக்கியிருக்கிறார். இரு ஓரங்களிலும் 1, உள்ளே ஒவ்வொன்றும் மேலே உள்ள இரண்டின் கூட்டல். இதில் ஒற்றைப்படை எண் இருக்கும் இடத்தில் 1, இரட்டைப்படை இருக்கும் இடத்தில் 0 என்று மட்டும் எழுதுங்கள்:

1
1 1
1 0 1
1 1 1 1
1 0 0 0 1
1 1 0 0 1 1
1 0 1 0 1 0 1
1 1 1 1 1 1 1 1

ஒவ்வொரு வரியையும் இரும எண்ணாக வாசியுங்கள். 1, 3, 5, 15, 17, 51, 85, 255. இவை 3, 5, 17 ஆகியவற்றை எல்லா விதமாகவும் பெருக்கி வருபவை! முதல் எட்டு வரிக்கு முதல் மூன்று ஃபெர்மா எண்கள். முதல் 32 வரிக்கு ஐந்து. அதாவது முதல் வரியில் வரும் 1-ஐ விட்டுவிட்டால், காஸ் சொன்ன 31 பலகோணங்களும் அப்படியே வரிசையாக நிற்கும். முதல் 64 வரிக்கு ஆறு. அறுபத்து நான்காவது வரியில் 64 இடங்களிலும் ஒற்றைப்படை, எல்லாம் 1. அந்த வரியை வாசித்தால் 18446744073709551615.

மேலும் ஒன்று. அந்த 64 வரிகளின் எண்கள் ஒவ்வொன்றும் கடைசி வரியின் எண்ணை மீதியின்றி வகுக்கும். ஃபெர்மா நம்பியது சரியாக இருந்திருந்தால், நம் எண்ணுக்கு மொத்தமே 64 வகுத்திகள்தான். வரிக்கு ஒன்று, கட்டத்துக்கு ஒன்று. 641 வந்து ஆறாவது துண்டை உடைத்ததால் அது இரட்டித்து 128 ஆனது. அந்த 64 என்ற அழகு குலைந்ததில் எனக்கு வருத்தமா மகிழ்ச்சியா என்று கேட்டால், மகிழ்ச்சிதான். உடைந்த இடத்தில்தான் இத்தனை கணக்கு கிடைத்தது.

சென்னைக்கும் இந்தப் பலகையில் ஒரு கட்டம் சொந்தம். 1913, ராமானுஜன் துறைமுக எழுத்தர் வேலையிலிருந்து பல்கலைக்கழக உதவித்தொகைக்கு மாறிய ஆண்டு. அந்த ஆண்டு இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் வாசகர்களுக்கு அவர் ஒரு கேள்வி போட்டார்: 2-இன் அடுக்கிலிருந்து 7-ஐக் கழித்தால் அடுக்கு 3, 4, 5, 7, 15 ஆகும்போது முழு வர்க்கம் வருகிறது, வேறு அடுக்குகள் உண்டா? (8 − 7 = 1, 16 − 7 = 9, 32 − 7 = 25, 128 − 7 = 121, கடைசியாக 32768 − 7 = 181².) வேறு எதுவும் இல்லை என்று நார்வேயின் டிரிக்வே நாகெல் 1948இல் நிறுவினார்.

அரிசிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? அரிசியை முக்கோணமாக அடுக்கிப் பாருங்கள்: முதல் வரியில் ஒன்று, அடுத்ததில் இரண்டு, பிறகு மூன்று. இப்படி மிச்சமில்லாமல் அடுக்க முடிகிற எண்ணை எட்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் முழு வர்க்கம் வரும். முழு வர்க்கம் வந்தால் அடுக்கவும் முடியும். இதுவரை சேர்ந்த அரிசி 2-இன் ஓர் அடுக்கில் ஒன்று குறைந்தது. அதை எட்டால் பெருக்கி ஒன்றைக் கூட்டினால், மூன்று கூடிய அடுக்கிலிருந்து 7 குறைந்தது. ராமானுஜன் கேட்டது அப்படியே இதுதான். அவர் கொடுத்த ஐந்து அடுக்குகளில் முதலாவது அரிசியே வைக்காத வெறும் பலகை. மற்ற நான்கும் ஒன்றாவது, இரண்டாவது, நான்காவது, பன்னிரண்டாவது கட்டங்கள். அங்கே சேர்ந்திருப்பது 1, 3, 15, 4095. பன்னிரண்டாம் கட்டம்வரை சேர்ந்த 4,095 அரிசியைத் தொண்ணூறு வரி முக்கோணமாக அழகாக அடுக்கலாம். அதற்கப்புறம் 64 என்ன, ஆறாயிரம் கட்டம் போனாலும் மொத்தம் முக்கோணமாக அமையாது. என் அக்கா மகள் பயறு வைத்து 15 வரைக்கும் அடுக்கிவிட்டு, 4095-க்குப் பெரிய தரை வேண்டும் என்றாள்.

ஹனோய் கோபுரத்தை ஒரு வார்த்தை சொல்லி நகர்ந்துவிடுகிறேன். மூன்று கம்பங்கள் உள்ள இந்த விளையாட்டில், ஒருமுறைக்கு ஒன்றாக, சிறிய தட்டின் மேல் பெரியது வராமல், 64 தட்டுகளை ஒரு கம்பத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றக் குறைந்தபட்சம் இதே 18446744073709551615 நகர்த்தல்கள். காசியில் பூசாரிகள் அதை நகர்த்திக்கொண்டிருக்கிறார்கள், முடியும்போது உலகம் முடியும் என்ற கதை, 1883இல் வந்த அந்த விளையாட்டோடு பிரான்சில் கிளம்பியது. விநாடிக்கு ஒன்று வீதம் நகர்த்தினால் 58,400 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுதான். விளையாட்டைச் செய்தவர் லூக்கா. 128-இன் மடங்கு என்று வலையைச் சிறிதாக்கினாரே, அவரேதான். தன் எண்ணைத் தெரிந்தேதான் 64 தட்டு வைத்திருப்பார் என்று எனக்கு ஓர் எண்ணம்.

அடுத்த ஃபெர்மா எண் எது என்று பார்த்தால், அது நம் எண்ணுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறது: 18446744073709551617. ஃபெர்மாவின் கணக்குப்படி இதுவும் பகா எண்ணாக இருக்கவேண்டும். 1880இல் ஃபார்ச்யூன் லாண்ட்ரி என்ற பிரெஞ்சுக்காரர் தன் 82ஆம் வயதில் இதை உடைத்தார்: 274177 × 67280421310721. லூக்காவின் விதி இந்த எண்ணுக்கு 256-இன் மடங்கோடு ஒன்று என்று ஆகும், அது இங்கேயும் பொருந்துகிறது; 274177 = 256 × 1071 + 1. லாண்ட்ரி எந்த வழியில் போனார் என்பதை முழுதாக எழுதிவைக்கவில்லை. அந்த விதியைப் பிடித்துக்கொண்டு 257, 513, 769 என்று ஏறினால் 1071ஆம் படியில் காரணி கிடைக்கும். பகா எண்ணாக இல்லாதவற்றை அடித்துவிட்டால் படிகள் வெகுவாகக் குறையும். அக்கா மகள் ஒரு நோட்டில் அந்தப் பட்டியலைத் தொடங்கியிருக்கிறாள். பொதுத்தேர்வு முடியட்டும், பிறகு வகுக்கலாம் என்று அவள் அம்மா சொல்லியிருக்கிறார்.